கும்பினிச் சட்டையின் பொத்தான்

ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் என்று ஒரு பழைய சாமான் சந்தை இருக்கிறது. பினாங்குக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்கள் நாசி கண்டார், தண்ணீர்மலை முருகன், பத்து பெரிங்கி கடற்கரை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவதால் இந்தப் பக்கம் வருவதில்லை. தார்ப்பாய் விரித்து, அதன்மேல் உலகத்தில் யாருக்கும் வேண்டாத பொருள்களை எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். ஒற்றைக் கால் செருப்பு, ஓடாத கைக்கடிகாரம், ஜப்பான் காலத்து நோட்டு, கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டி, யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். காலையில் கூடி, மதியத்துக்குள் சுருட்டிவிடுவார்கள். எட்டு மணிக்கு முன்னால் போனால் நல்லது. வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவளுக்கு அந்த நேரத்தில் எழுவது ஒரு கஷ்டமே இல்லை.

நான் அங்கே போவது பொத்தானுக்காக.

சட்டைப் பொத்தான்தான். ஆனால் பழைய பட்டாளத்துச் சட்டையில் இருந்தது. பிரிட்டிஷ்காரன் காலத்து ராணுவ உடுப்புகளில் தைத்த உலோகப் பொத்தான்களைத் தேடிச் சேர்க்கிறேன் என்று சொன்னால், வானொலியில் கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு விநாடி மௌனமாகிவிடுவார்கள். தபால்தலை சேர்த்தால் புரிகிறது. காசு சேர்த்தால் இன்னும் நன்றாகப் புரிகிறது. பொத்தானா? ஏம்மா, துணி எங்கே?

துணி இல்லை என்பதுதான் விஷயமே. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கம்பளிக் கோட்டு எத்தனை வருடம் தாங்கும்? கரையான் தின்னும், பூஞ்சணம் பிடிக்கும், கடைசியில் கரித்துணி ஆகும். பித்தளையும் பியூட்டரும் கிடக்கும். ஒரு பட்டாளமே வந்து தங்கிப் போனதற்கு மிச்சம் சில நேரம் ஒரு பொத்தான்தான்.

சந்தையில் எனக்கு வழக்கமாகப் பொத்தான் எடுத்து வைக்கும் சீனப் பெரியவர் ஒருவர் உண்டு. பழைய பால்மாவு டின்னில் போட்டு வைத்திருப்பார். என்னைக் கண்டதும் டின்னைத் தார்ப்பாயில் கவிழ்ப்பார். முக்கால்வாசி எனக்கு வேண்டாதது: போலீஸ் பொத்தான், சாரணர் பொத்தான், பள்ளிக்கூட பிளேசர் பொத்தான், ரயில்வே பொத்தான். அதற்குள் கிரீடம் வைத்த பித்தளை ஒன்றிரண்டு கிடக்கும். 'இனி லாமா, அங்கிரிஸ் பூஞா' என்று விலையை ஏற்றப் பார்ப்பார். 'லாமாதான், ஆனா பாஞாக்' என்று நான் இறக்குவேன். ஐந்து வெள்ளியில் ஆரம்பித்து மூன்று வெள்ளியில் முடியும். இரண்டு பேருக்கும் திருப்திதான்.

பொத்தானைப் படிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுத் தையல் டப்பாவையும் ஒருமுறை கிளறிப் பார்ப்பீர்கள்.

முதலில் கிரீடம். 1901 முதல் 1952 வரை பிரிட்டனை ஆண்டவர்கள் ராஜாக்கள். அந்தக் காலத்துப் பொத்தானில் கிரீடத்தின் மேல்வளைவு குடை மாதிரி உருண்டிருக்கும். எலிசபெத் ராணி வந்த பிறகு வளைவின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. லோரோங் கூலிட்டில் அதிகம் கிடைப்பது உருண்டைக் கிரீடம், அதாவது இரண்டு உலகப் போர்க்காலத்துச் சரக்கு. அடுத்தது எண். 1767இல்தான் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தங்கள் எண்ணைப் பொத்தானில் பொறிக்க வேண்டும் என்று அரச ஆணை வந்தது. 1871இல் சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக அரச முத்திரை வைத்த பொத்தானைக் கொடுத்தார்கள். 1881இல் படைப்பிரிவுகளின் எண்களையே நீக்கி ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். ஆகவே எண் போட்ட பிரிட்டிஷ் பொத்தான் ஒன்று கையில் வந்தால், நூற்றி நாற்பது வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கலாம் என்று மனம் துள்ளும்.

பிறகு திருப்பிப் பாருங்கள். பின்பக்கம்தான் உண்மை பேசும். செய்த கம்பெனியின் பெயர் இருக்கும்: ஃபிர்மின், லண்டன். ஜெனன்ஸ், லண்டன். காண்ட், பர்மிங்காம். பர்மிங்காம் ஒரு காலத்தில் உலகத்துக்கே பொத்தான் அடித்துக் கொடுத்த ஊர். தங்கமுலாம் பூசிய பொத்தானில் எத்தனை கனமாகப் பூசியது என்றுகூட எழுதியிருப்பார்கள். மூன்று மடங்கு முலாம் என்று பெருமை அடித்துக்கொள்கிற பொத்தான்களும் உண்டு. நூல் கோக்கும் வளையம் பற்றவைத்த விதம், அது தேய்ந்திருக்கிற அழகு, இதையெல்லாம் பார்த்தால் போலி பிடிபட்டுவிடும். இப்போது பிளேசருக்கென்று அடிக்கும் புதுப் பொத்தானைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுப் பழசாக்கி விற்கிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

புளி என்றதும் அம்மா ஞாபகம். என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, 'குத்துவிளக்கோட சேர்த்து இதையும் ஒரு தேய் தேய்ச்சு வச்சிடட்டா?' என்று கேட்டார். வேண்டாம்மா என்று பாய்ந்து பிடுங்கினேன். பழைய பொத்தானில் படிந்த கறுப்புதான் அதன் வயசு. தேய்த்தால் பளபளக்கும், மதிப்பு போய்விடும். பட்டாளத்தில் இருந்தபோது அவற்றைத் தேய்த்துத் தேய்த்துத்தான் மாளவில்லை என்பது வேறு கதை. பிராசோ போட்டுத் தேய்க்கும்போது கோட்டில் கறை படாமல் இருக்க, நடுவில் பிளவு விட்ட ஒரு பித்தளைத் தகட்டைப் பொத்தானுக்குப் பின்னால் செருகிக்கொள்வார்கள். அந்தத் தகடும் லோரோங் கூலிட்டில் கிடைக்கிறது. என்ன என்று தெரியாமல் விற்கிறார்கள்.

பொத்தான் என்ற சொல்லே போர்த்துகீசியன் நமக்குக் கொடுத்தது. பட்டாளம் என்பது பட்டாலியன். இங்கிலீஷ்காரனின் கம்பெனி நம் பாட்டன் வாயில் கும்பினி ஆனது. சட்டையோடு சேர்த்துச் சொல்லையும் வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் நாம்.

பினாங்கில் ஏன் இவ்வளவு பொத்தான் என்று கேட்டால், ஊரே பட்டாளத்தோடு பிறந்தது. 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி ஃபிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியை இங்கே ஏற்றினார். கரையோரக் காட்டை வெட்ட ஆள் கிடைக்காதபோது பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டித் தள்ளினார்களாம். கதைதான். ஆனால் இன்றைக்கும் எஸ்பிளனேட் புல்வெளியில் காற்று வாங்கும் போதெல்லாம் என் கண் தரையைத்தான் மேய்கிறது. காசுக்காக இல்லை.

கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். முதலில் நிபோங் மரத்தால் வேலி கட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் எழுப்பியது. இத்தனை பீரங்கி வைத்த கோட்டை ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே நிற்கிற லைட் சிலைக்கு ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய படம் எதுவும் கிடைக்காததால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அமைத்த அவருடைய மகன் வில்லியத்தின் சாயலில் 1936இல் செய்தார்கள். அப்பாவின் கோட்டில் மகன் நிற்கிறார்.

கோட்டைக்குள் அதிகாரிகள். ஊருக்குள் சிப்பாய்கள். பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஜாலான் செப்போய் லைன்ஸ் என்று ஒரு சாலை இருக்கிறது. சிப்பாய்களின் வரிசை வீடுகள் இருந்த இடம் என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. சிங்கப்பூரிலும் இதே பெயரில் ஓர் இடம் உண்டு, அதுவும் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில்தான். மழை மரங்கள் நிழல் விரித்த அமைதியான சாலை. ஒரு கல்வெட்டு இல்லை, பலகை இல்லை. இந்தச் சாலையில் எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது பொத்தான் பைத்தியம் பிடித்த பிறகுதான்.

யார் அந்தச் சிப்பாய்கள்? ஆரம்பத்தில் வங்காளப் படையிலிருந்து வந்தார்கள். 1811இல் ஜாவாவைப் பிடிக்கப் போன கும்பினிக் கப்பல்கள் மெட்ராஸ், வங்காளம் இரண்டு இடத்துப் படைகளையும் ஏற்றிக்கொண்டு பினாங்கு, மலாக்கா வழியாகத்தான் போயின. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இங்கே காவல் இருந்தவை மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி படைப்பிரிவுகள். முறை வைத்துக் கப்பலில் வரும், சில வருடம் இருக்கும், அடுத்தது வந்ததும் போகும். 1831இல் நானிங்கில் டோல் சாயிட்டை எதிர்த்து அனுப்பியதும் அதில் ஒன்றைத்தான், 29ஆம் படைப்பிரிவு. பள்ளிக்கூடத்தில் டோல் சாயிட்டைப் படித்தோம். எதிர்ப்பக்கத்தில் நின்றவன் தமிழும் தெலுங்கும் பேசினான் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

வங்காளப் படையில் மேல்சாதிச் சிப்பாய்கள் அதிகம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று தயங்குவார்கள். மெட்ராஸ் சிப்பாய்க்கு அந்தத் தயக்கம் குறைவு, கூப்பிட்டால் கப்பல் ஏறிவிடுவான் என்று கும்பினி கணக்குப் போட்டது. மெட்ராஸ் படைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: மனைவி, பிள்ளை, சட்டி பானையோடு குடும்பமே படையின் பின்னால் போகும். ரப்பர் தோட்டத்துக்கு நம் ஆட்கள் வருவதற்கு எவ்வளவோ முன்பு இந்த ஊரில் சோறு பொங்கிய தமிழ்க் குடும்பங்களில் சிப்பாய்க் குடும்பங்களும் இருந்தன.

இப்போது என்னிடமுள்ள இரண்டு பொத்தான்களைக் காட்டுகிறேன்.

ஒன்று தங்கமுலாம் பூசியது. கும்பினிச் சிங்கம் பின்னங்காலில் நின்றபடி முன்னங்கால்களில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் லண்டன் கம்பெனிப் பெயர். அதிகாரியின் கோட்டில் இருந்தது, அதாவது வெள்ளைக்காரருடையது. மற்றது சாம்பல் நிறம். பியூட்டர். நம் ஊரில் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயம்தான் அதில் பெரும்பகுதி. சாதாரணச் சிப்பாய்க்கு அந்தக் காலத்தில் கொடுத்தது இந்த மலிவு உலோகம்தான். பிரிட்டிஷ் படையில் 1855 வாக்கில்தான் சிப்பாய்க்கும் பித்தளை வந்தது. என் சாம்பல் பொத்தானில் மெட்ராஸ் என்ற எழுத்து பாதி தெரிகிறது. நடுவில் எண். முதல் இலக்கம் 2. அடுத்தது தேய்ந்து போயிற்று. இருபதிலிருந்து இருபத்தொன்பது வரை எதுவாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடி, பக்கவாட்டு வெளிச்சம், கைப்பேசிப் படம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு நாள் 3 மாதிரி தெரியும், ஒரு நாள் 8.

சந்தையில் முதலாவதற்குத்தான் விலை. சேகரிப்பவர்கள் முலாமைத்தான் தேடுகிறார்கள், அது கண்ணுக்கு அழகு. எனக்குச் சாம்பல்தான் பெரிது. மேலே சிவப்புக் கோட்டு, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டை, காலில் செருப்பு, இதுதான் அந்தக் காலத்து மெட்ராஸ் சிப்பாயின் உடுப்பு. கழுத்துவரை இழுத்துப் பூட்டிய கம்பளிக் கோட்டோடு பினாங்கு வெயிலில் நின்றவனின் வேர்வை பட்ட உலோகம் இது. அவன் எந்த உயரம் போனாலும் சுபேதாரோடு சரி. முலாம் பூசிய பொத்தான்காரனுக்கு அது ஆரம்பம்கூட இல்லை.

உடுப்பு சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1805 நவம்பரில் மெட்ராஸ் படைக்குப் புது மாதிரித் தலைப்பாகை வந்தது, தோலில் செய்த குஞ்சம் வைத்தது. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை ஒழுங்காக மழிக்க வேண்டும் என்று கட்டளையும் போட்டார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டை வெடித்தது. காரணம் தலைப்பாகை மட்டும் இல்லை, ஆனால் தலைப்பாகை இல்லாமலும் இல்லை. என்ன உடுத்துவது என்பதில் ஒருவன் எவ்வளவு தூரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்பதை அவன் சட்டையைப் பார்த்தால் தெரியும்.

இந்தச் சாம்பல் பொத்தானால்தான் வீட்டில் சண்டை.

எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம், திருப்பத்தூருக்கு அருகே. அப்பா அங்கே போனது வாழ்க்கையில் இரண்டே முறை. ஆனாலும் மருது பாண்டியர் பேச்சு வந்தால் நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி பேசுவார். பொத்தானைக் கையில் வாங்கி, நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மேசையில் வைத்தார்.

'மருதுவத் தூக்குல போட்டவன் சட்டப் பொத்தானயா காசு குடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்த?'

'அவன் வெள்ளைக்காரன் இல்லப்பா. நம்ம ஆளு.'

'அதத்தான் சொல்றேன்.'

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. மைக் முன்னால் நாலு மணிநேரம் நிற்காமல் பேசுகிறவள் நான்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. 1801இல் கர்னல் அக்னியூவின் தலைமையில் காளையார்கோவில் காட்டை வளைத்த படையில் மெட்ராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். அக்டோபர் 24ஆம் தேதி பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில், 1802, தூத்துக்குடியில் எழுபத்து மூன்று பேரைக் கப்பலேற்றினார்கள். எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக்கு. அது வேறு எங்கோ இருக்கிற தீவு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். லைட் இந்தப் பினாங்குக்கு வைத்த பெயர் அது. சிவகங்கை வேங்கை பெரிய உடையணத் தேவர் அந்தக் கப்பலில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இருந்தான், அப்போது சிறுவன்.

துரைச்சாமியைப் பினாங்கில் பார்த்ததாக எழுதிவைத்திருப்பவர் ஒருவர் உண்டு. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், மெட்ராஸ் ராணுவ அதிகாரி. சண்டைக்கு முன்னால் சிறுவயல் பக்கம் சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அவரே சொல்கிறார். அப்புறம் அதே சின்ன மருதுவுக்கு எதிராகப் படையோடு போனதும் அவர்தான். 1818இல் பினாங்குக்கு வந்த இடத்தில் துரைச்சாமியைச் சந்திக்கிறார். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. ஆனால் வெல்ஷ் பார்த்தது நொடிந்துபோன ஒரு கிழவனை. யார் என்று தெரியவில்லை அவருக்கு. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. 1830இல் லண்டனில் வெளிவந்த அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகளில் இது இருக்கிறது. வெட்கமும் வருத்தமும் கலந்த பக்கங்கள். அவற்றைப் படித்துவிட்டு அடுத்த நாள் காலை நிகழ்ச்சியில் வழக்கமான உற்சாகக் குரலை வரவழைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்பாவிடம் நான் எடுத்துவைத்த வாதம் தேதி வாதம். 1802இல் பினாங்கில் காவலிருந்தது பெரும்பாலும் வங்காளப் படை, என் பொத்தான் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும், துரைச்சாமியை இந்தப் பொத்தான் காவல் காத்திருக்க வாய்ப்புக் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் அப்பா கேட்டது கணக்கு இல்லையே.

பிறகு ஒரு நாள் வேறொன்றைத் தேடும்போது சின்ன மருதுவின் அறிக்கை கண்ணில் பட்டது. 1801 ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டியது. ஜம்புத் தீவுப் பிரகடனம் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரனை விரட்டச் சொல்கிற அறிக்கை என்றுதான் பொதுவாகத் தெரியும். அதில் கும்பினியிடம் சேவகம் பார்ப்பவர்களையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என்று படிநிலை பிசகாமல் வரிசையாக அழைத்து, வீரம் இருந்தால் இந்தப் பக்கம் வந்து காட்டு என்கிறார்.

சாம்பல் பொத்தான் போட்டவனுக்கு எழுதிய வரி அது. தூக்குக் கயிறு தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டும் மருது அவனை எதிரிக் கணக்கில் எழுதி மூடிவிடவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'கூப்பிட்டாரு சரி. போனானா?' என்று கேட்டார். பெரும்பாலும் போகவில்லை. ஐந்து வருடம் கழித்து வேலூரில் அதே மெட்ராஸ் படைச் சிப்பாய்தான் துப்பாக்கியைத் திருப்பினான் என்று நான் சொன்னேன். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போடச் சொன்னார்.

பினாங்கு போகிறவர்களுக்கு வேறு சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பொல்லாத ஆளை 'அவன் ஒரு எம்டன்' என்பார்களே, அந்த எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி மெட்ராஸில் குண்டு போட்டுவிட்டு, அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலை இந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பொய்யாக ஒரு புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு வந்து, ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறைகள் பினாங்கில் இருக்கின்றன. நான் ஊடகப் படிப்பு படித்த அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பதோ பழைய மிண்டன் ராணுவ முகாமில். மிண்டன் என்பது 1759இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சண்டையின் பெயர். மூன்று வருடம் அந்த முகவரியில் கடிதம் வாங்கியும் அது ஏதோ மலாய்ச் சொல் என்றுதான் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் நினைத்திருந்தோம். பத்து மாவுங்கில் பிரிட்டிஷ் படை 1930களில் கட்டிய கோட்டை இப்போது போர் அருங்காட்சியகம், பிள்ளைகளோடு போகலாம். மெட்ராஸ் சிப்பாயின் உடுப்பைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை போகும்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தி.நகருக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணிநேரம் போதும்.

பொத்தான் தேட ஆசை வந்துவிட்டதா? கோட்டைப் பக்கம் மண்வெட்டியோடு போய்விடாதீர்கள். ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அகழ்வதற்கு உரிமம் வேண்டும், மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளை அதிகாரிகளிடம் தெரிவிக்கவும் வேண்டும். அது சட்டம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்பது தெரிந்தால்தான் பொத்தான் பேசும். பிடுங்கிப் பையில் போட்டால் ஊமையாகிவிடும். என்னுடையதும் பாதி ஊமைதான். சீனப் பெரியவருக்கு யாரோ கொடுத்தார்கள், அந்த யாரோவுக்கு யாரோ. அதற்கு மேல் தெரியாது. விலைக்கு வாங்குவதென்றால் சந்தையில் வாங்குங்கள், எங்கே கிடைத்தது என்று கேளுங்கள், சொன்னால் எழுதிவையுங்கள். நான் இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன்.

சாம்பல் பொத்தானின் அட்டையில் எண் இன்னும் எழுதவில்லை. முலாம் பூசியது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. இதை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் முடிவாகவில்லை. சாமி மாடத்துக்கு எதிரே உள்ள அலமாரி கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் இப்போதைக்கு என் அறையில் ஒரு டப்பாவில் கிடக்கிறது. போன மாதம் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது என் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, என் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்திருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் பொத்தானைக் கீழே வைக்கவில்லை.

'எனக்கு ஏழு மாதிரி தெரியுது. நீ பாரு' என்றார்.